நிறைவு அலுவலர் பசியோடு வந்த நாள்

நிறைவுணவு வாரியத்துக்குச் சொந்தமாகப் பல மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. தரைத்தளத்தில் பொதுமக்கள் உட்கார ஒரு பெஞ்சு போட்டிருக்கும். மற்ற தளங்களில் எல்லாம் அலுவலர்கள் உட்கார நாற்காலிகள். குறைந்த செலவில், சத்தாக, வயிறு நிறையச் சாப்பிடுவது எப்படி என்று ஏழைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக ஏற்பட்ட வாரியம் அது. அப்படிச் சாப்பிட ஏழைகளுக்குத் தெரியாது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், தெரிந்திருந்தால் ஏன் ஒல்லியாக இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கும்போது பெரும்பாலும் வாயில் பிஸ்கட் இருக்கும்.

இவ்வளவு பெரிய வாரியம் உருப்படியாகச் செய்துவந்த காரியம் ஒன்றே ஒன்றுதான். மாதம் ஒரு தடவை வீடுகளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவந்தது. அதில் பருப்பு, கோதுமை நொய், எண்ணெய், பால்பொடி, வைக்கோல் சுற்றிய முட்டைகள் இருக்கும். இப்படி ஒரு நல்ல காரியம் தங்களையும் அறியாமல் நடந்துகொண்டிருப்பதை வாரியத்தார் ஒருநாள் கவனித்துவிட்டார்கள். உடனே அதற்கு ஒரு விதி போட்டார்கள்.

விதி போட்ட சமயம் பொத்தான்காரிக்குப் போதாத காலம். ஆயத்த ஆடைக் கடையிலிருந்து சட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து, சைக்கிள் கடைக்கு மேலே இருந்த தன் ஒற்றை அறையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுப்பவள் என்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். அவள் கணவன் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். மூட்டை ஒன்று இடுப்பில் சரிந்ததிலிருந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். உடம்பில் வாய் மட்டும்தான் சரியாக வேலை செய்தது. அவர்களுக்கு ஒரே பெண். வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லாததால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டாணி பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது மயங்கி விழுந்தாள். பள்ளிக்கூட நர்ஸ் அவளை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, முள் நகர்ந்ததா என்று சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ஏற்றினாள்.

"மருந்தெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. முட்டை குடுங்க, பருப்பு குடுங்க, பால் குடுங்க. சாப்பாடுதான் இவளுக்கு மருந்து. இதுக்கு மேல எடை இறங்கினா பெரிய ஆஸ்பத்திரிலதான் சேக்கணும்."

பொத்தான்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மருந்து என்றாலாவது எங்கேயாவது இலவசமாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்கு எங்கே போவது? நல்லவேளை, மாதம் பிறந்தால் பொட்டலம் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மாதம் பிறந்தது. பொட்டலத்துக்குப் பதிலாக, வகுப்புக்கு வரச் சொல்லி வாரியத்திலிருந்து ஆள் வந்தது.

வகுப்பு நடந்த கூடத்தில் மேடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் கால்குலேட்டரை மாட்டிக்கொண்டிருந்த அம்மாள் சிக்கன அலுவலர். வண்ண அட்டை ஒன்றை மடியில் வைத்திருந்தவர் சத்து அலுவலர். மூன்றாமவர் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து கண்மூடி இருந்தார். அவர் நிறைவு அலுவலர். அவருக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை என்று பிறகு தெரிந்தது.

"உங்க தட்டுல வானவில் தெரியணும்" என்று சத்து அலுவலர் ஆரம்பித்தார். "சிவப்புக்குத் தக்காளி, மஞ்சளுக்குப் பருப்பு, பச்சைக்குக் கீரை. ஒவ்வொரு நிறமும் ஒரு சத்து."

"நீலத்துக்கு என்ன சார்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"நீலத்தைப் பத்தி மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்."

அடுத்து எழுந்த சிக்கன அலுவலர், எண்ணெயை ஊற்றுவது பழைய முறை என்றும், துணியில் நனைத்துச் சட்டியைத் துடைப்பதே புதிய முறை என்றும் விளக்கினார். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் கூழாகும்வரை மென்றால் பாதிச் சாப்பாட்டிலேயே தாடை வலித்துவிடும், மீதிப் பாதி லாபம் என்றார். கூடத்தில் எல்லோரும் பவ்வியமாகத் தலையாட்டினார்கள். பொத்தான்காரியும் ஆட்டினாள். ஆட்டிவிட்டு மெல்ல எழுந்தாள்.

"மேடம், பொட்டலம் எப்ப வரும்?"

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிக்கன அலுவலர்தான் பதில் சொன்னார்.

"அம்மா, பொட்டலம் இனிமே சும்மா கிடையாது. குறைஞ்ச செலவுல, சத்தா, வயிறு நிறையற மாதிரி ஒரு வேளை சமைக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான். நாங்க மூணு பேரும் வீட்டுக்கு வந்து பாப்போம். பாஸானா பொட்டலம்."

"பொட்டலம் இருந்தாத்தானே மேடம் சமைச்சுக் காட்ட முடியும்?"

"பொட்டலத்தை வச்சு சமைச்சா அது பொட்டலத்தோட திறமை. நாங்க பாக்க வேண்டியது உங்க திறமையை" என்றார் சிக்கன அலுவலர். கூடத்தில் கைதட்டல் கேட்டது. நிறைவு அலுவலர் விழித்துக்கொண்டு, என்ன ஏதென்று தெரியாமல் தானும் தட்டினார்.

பொத்தான்காரி வீட்டுக்கு வந்து டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கவிழ்த்துத் தட்டினாள். கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் நொய், இரண்டு முட்டை தேறியது. சந்தை முடிகிற நேரம் பார்த்துப் போய், முட்டைக்கோஸின் வெளி இலைகளையும் அடிபட்ட தக்காளியையும் ஒடிந்த கேரட்டையும் மலிவாக வாங்கிவந்தாள். அடிபட்ட பக்கத்தை அரிந்துவிட்டால் தக்காளி தக்காளிதான். முன்தினமே ஊறவைத்த பருப்பு சீக்கிரம் வெந்துவிட்டதால் எரிவாயுவும் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு, முட்டையை அடித்து ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு இறக்கினாள். கட்டிலில் கிடந்தவன் மூக்கை உறிஞ்சினான்.

"இந்த வாசனைக்கே பாஸ் போடுவாங்க பாரு" என்றான்.

மதியம் மூவரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். அலுவலர்கள் கையெழுத்துப் போடும்வரை வீட்டார் யாரும் பானையில் கை வைக்கக்கூடாது என்பது விதி. பட்டாணி பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சிக்கன அலுவலர் ஒவ்வொரு பொருளின் விலையையும் கேட்டுக் கேட்டுக் கால்குலேட்டரைத் தட்டினார். "வெங்காயம் முழுசா போட்டீங்களா? கொஞ்சம் ஆடம்பரம்தான். பரவாயில்ல, பாஸ்." சத்து அலுவலர் வண்ண அட்டையைப் பானையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். நீலம் இல்லாததை மன்னித்து அவரும் பாஸ் போட்டார்.

அதன்பிறகு நிறைவு அலுவலர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து வாரிய முத்திரை பதித்த தட்டையும் கரண்டியையும் எடுத்தார். இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டார். ஒரு சாப்பாடு வயிற்றை நிறைக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சாப்பிட்டுத்தான். அவர் 'போதும்' என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அவர் சாப்பிட்டார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பொத்தான்காரி ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் முகத்தைப் பார்த்தாள், பட்டாணி பானையைப் பார்த்தாள். கரண்டி பானையின் அடியில் உரசுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் இருக்காம்மா?"

"இல்லையே சார்."

"அப்ப நிறையல" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தத்தோடு. "ரொம்ப ருசியா இருக்கும்மா. அதான் பிரச்சனை. ருசியா இருந்தா இன்னும் கொஞ்சம் சாப்டலாம்னு தோணுது. அப்புறம் நிறைவு எங்கேயிருந்து வரும்? அடுத்த தடவை பாத்துப் பண்ணுங்க."

"எங்களுக்கு நெறஞ்சிடுச்சு சார்" என்றான் கட்டிலில் கிடந்தவன். "இவ்வளவு நேரம் பாத்துட்டே இருந்தோமில்ல."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். பானையில் ஒட்டியிருந்ததை வழித்து, வெந்நீர் ஊற்றிக் கலக்கி, உப்புப் போட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள் பொத்தான்காரி. பட்டாணி அதைக் குடித்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் பொத்தான்காரிக்கு அழுகை வந்தது. இரண்டாவது சோதனை எப்போது என்று கேட்கப் போனால் மாதக் கடைசி என்றார்கள். அதுவரை பொட்டலம் கிடையாது.

மாதக் கடைசியில் டப்பாக்களைக் கவிழ்த்துத் தட்டினாலும் விழ ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் சலவைக்காரம்மாவிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சலவைக்காரம்மாவின் வீட்டுக்கு இன்னும் சோதனை முறை வராததால் அவளுக்குப் பொட்டலம் பழையபடி வந்துகொண்டிருந்தது.

"எடுத்துட்டுப் போடி. எனக்கும் மூணு வாய் இருக்கு. ஆனா உன் பொண்ணு முகத்தைப் பாக்க முடியல" என்று சொல்லிப் பருப்பையும் நொய்யையும் முந்தானையில் கொட்டினாள். "பொட்டலம் வந்ததும் திருப்பிக் குடுத்துடு, சரியா?"

இந்தத் தடவை பொத்தான்காரி புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாள். உப்பு, மிளகு, வெங்காயம் எதையும் சேர்க்கவில்லை. கடன் வாங்கிய பருப்போடும் நொய்யோடும் கோதுமைத் தவிட்டையும் முட்டைக்கோஸின் நடுத்தண்டையும் போட்டு, கிண்டக் கிண்டக் கரண்டி அதிலேயே நிற்கிறமாதிரி இறுக்கினாள். சுவரொட்டி ஒட்டத் தோதாக இருந்தது. மதியம் வரவேண்டிய அலுவலர்கள் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில்தான், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"உங்க வீடு இன்னிக்கு மூணாவது" என்றார் சிக்கன அலுவலர். "ரொட்டிக்கடைக்காரர் வீட்ல கொஞ்சம் நேரமாயிடுச்சு."

நிறைவு அலுவலர் உட்காரவே சிரமப்பட்டார். நீளமாக ஏப்பம் விட்டார். ஒரு கரண்டி சாப்பிட்டார். இரண்டாவது கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்க மனம் வராமல் கூரையைப் பார்த்தார். பிறகு தட்டை உள்ளங்கையால் மூடினார்.

"போதும்மா! நிறைஞ்சிடுச்சு!"



"ரெண்டே கரண்டி!" என்றார் சத்து அலுவலர்.

"என் சர்வீஸ்லயே ரெண்டு கரண்டியில நிறைஞ்சது இதான் முதல் தடவை" என்றார் நிறைவு அலுவலர்.

கட்டிலில் கிடந்தவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், இதுக்கு முன்னாடி ரெண்டு வீட்ல சாப்டுட்டு வந்தீங்களே."

"அது அந்த வீட்டுக் கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வயிறுன்னு வச்சுத்தான் விதியே எழுதியிருக்கு."

பொத்தான்காரி கணவனைப் பார்த்து முறைத்தாள். வயிறு யாருடையதாக இருந்தால் என்ன, பாஸ் பாஸ்தானே! அன்று அவர்கள் மூன்று பேரும் அந்தப் பசையை மீதம் வைக்காமல் சாப்பிட்டார்கள். பட்டாணி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டிலேயே தலை சாய்த்துத் தூங்கிப் போனாள். பெண் வயிறு நிறைந்து தூங்குவதைப் பார்க்கிற சந்தோஷத்தைப் பொத்தான்காரி வெகுநாள் கழித்து அனுபவித்தாள்.

அதற்கடுத்த வாரம் வாரியத்திலிருந்து வண்டி வந்தது. பொட்டலம்தான் என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வந்தவர்கள் அவளையும் பட்டாணியையும் குளித்துக் கிளம்பச் சொன்னார்கள். விழா என்றார்கள். பொட்டலத்தை மேடையில் வைத்துத் தருவார்கள் போலிருக்கிறது என்று பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விழா மேடையில் அவளுடைய பானையின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். வாரியத் தலைவர் பேச எழுந்தார். பேச்சுக்கு முன்னும் பின்னும் இடையிலும் அவருக்குக் கைதட்டினார்கள்.

"நண்பர்களே, ஏழைக்குப் பசி இருக்குன்னு சில பேர் வதந்தி கிளப்பிட்டு இருக்காங்க. இந்த அம்மா அதைப் பொய்யாக்கிட்டாங்க. நம்ம வாரியத்துலயே பெரிய வயிறு எதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த வயிறு இவங்க சமையல்ல ரெண்டு கரண்டியில நிறைஞ்சிருக்கு! அப்ப சாதாரண மனுஷனுக்கு? ஆனாலும் நாங்க தாராளமா ரெண்டு கரண்டியே வச்சிருக்கோம். நான்கூட எளிமையானவன்தான். ராத்திரியில வெறும் பழம்தான் சாப்டறேன். சாப்பாடு முடிஞ்ச உடனே சாப்டறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் பட்டாணியை ஒரே கையால் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு! கொழுப்பு துளி கிடையாது. நம்ம வீட்டுப் பிள்ளைங்களைத் தூக்கினா இடுப்பு போயிடுது. ஆரோக்கியம்னா இதான். கண்ணு, நீ சொல்லு, வயித்துக்கு எவ்வளவு போதும்?"

பட்டாணி முழித்தாள். தலைவர் அவள் காதில் ஏதோ சொன்னார்.

"ரெண்டு கரண்டி" என்றாள் மைக்கில்.

கூடம் அதிர்ந்தது. தன் வாழ்நாளில் யாரும் தனக்குக் கைதட்டிப் பார்க்காத பட்டாணியின் முகம் பூரித்துப் போயிற்று. அவள் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். அதன் கனத்துக்கு அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

தலைவர் கடைசியாக அறிவித்தார்: இரண்டு கரண்டியே போதும் என்று ருசுவாகிவிட்டதால் பொட்டலம் தேவைக்கு மிஞ்சிய ஒன்றாகிறது; எனவே இந்தப் பேட்டையிலும் சுற்றியுள்ள பேட்டைகளிலும் அது இன்று முதல் நிறுத்தப்படுகிறது; இனி இது பொட்டலமில்லாப் பெருமைக்குரிய பேட்டை. பொத்தான்காரிக்கு அந்த வாக்கியம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவள் கையில் பூங்கொத்து இருந்தது. படம் பிடிப்பவர் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மேல் தளத்தில் அலுவலர்களுக்கு விருந்து என்பதால் இவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார்கள்.

வீட்டு வாசலில் சலவைக்காரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருடி! நான் குடுத்த பருப்புல சமைச்சு, என் பொட்டலத்துக்கே உலை வச்சிட்டியே!"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. பொட்டலம் குடுக்கத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்."

"தெரியாமத்தான் மேடையில பல்லைக் காட்டினியா?"

 அன்றிலிருந்து தெருவில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேடயத்தை மட்டும் பட்டாணி ஆசை ஆசையாகச் சுவரில் மாட்டச் சொல்லி, தினமும் பாவாடை நுனியால் துடைத்தாள். பள்ளிக்கூட நர்ஸ் அவளை மறுபடி எடைமேடையில் ஏற்றினாள். இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் விளக்கினாள்.

பொத்தான்காரி அரக்கப் பரக்க வாரியத்துக்கு ஓடினாள்.

"ஐயா, நான் தோத்துப்போயிட்டேன்னு சொல்லிடுங்க. அந்தப் பாஸை ரத்து பண்ணிடுங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஃபெயிலானவங்க பாஸாக விதி இருக்கும்மா. பாஸானவங்க ஃபெயிலாக விதி கிடையாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அவள் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. அன்று விரட்டினார்கள், மறுநாள் வந்தாள். பொத்தான் தைக்கவேண்டிய சட்டைகளையும் எடுத்துவந்து பெஞ்சிலேயே உட்கார்ந்து தைத்தாள். கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று யாரோ சொன்னதால், கடைசியில் மறுநிறைவுச் சோதனை என்று ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தி நாள் குறித்தார்கள். இந்தத் தடவை நிறையவில்லை என்று ருசுவானால் பொட்டலம் எல்லோருக்கும் திரும்ப வரும்.

நாள் குறித்த அன்றே வாரியத்துப் படிக்கட்டில் நிறைவு அலுவலரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க கால்ல விழறேன். அன்னைக்கு மட்டும் எங்கேயும் சாப்டாம வாங்க. பசியோட வந்து சாப்டுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. என் பொண்ணு எனக்கு வேணும் சார்."

அவர் பொல்லாத மனிதர் இல்லை. சாப்பாட்டின் மீது பிரியம் உள்ளவர், அவ்வளவுதான். கண் கலங்கிவிட்டார்.

"வரேம்மா. காலையிலேருந்து பச்சத்தண்ணிகூட பல்லுல படாம வரேன். என் பசி பொய் சொல்லாதும்மா."

பொத்தான்காரி தைத்த கூலி மொத்தத்தையும் போட்டு நல்ல பருப்பும் முட்டையும் தக்காளியும் வாங்கினாள். முதல் தடவை சமைத்த மாதிரியே மிளகு தட்டிப் போட்டு மணக்க மணக்கச் சமைத்தாள். அவர் பானையைக் காலி செய்ய வேண்டும். செய்துவிட்டு 'நிறையல' என்று சொல்ல வேண்டும். ஒரு பானை போனால் போகட்டும், பொட்டலம் வந்துவிடும். கணவனும் அவளும் முன்தினத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பட்டாணிக்கு மட்டும் காலையில் ஒரு வாழைப்பழம் கிடைத்தது.

மாடிப்படியில் வழக்கத்தைவிட அதிகக் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் வாரியத் தலைவர் வந்தார். அவர் பின்னால் படம் பிடிப்பவரும் சிக்கனமும் சத்தும் வந்தார்கள். கடைசியாக, முகம் வெளிறிப்போன நிறைவு அலுவலர். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார். பானையின் வாசனை பட்டதும் பையிலிருந்து தட்டை எடுத்துவிட்டார்.

தலைவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். குரலைச் சற்றும் உயர்த்தாமல் பேசினார்.

"சாப்டுங்க சார். உங்க ரெண்டு கரண்டியை நம்பித்தான் இத்தனை பேட்டையில பொட்டலத்தை நிறுத்தியிருக்கோம். அதைச் சொல்லி மேலிடத்துல எனக்குப் பாராட்டே வந்திருக்கு. நீங்க அன்னைக்குச் சொன்னது தப்புன்னு இன்னிக்குத் தெரிஞ்சா, அப்புறம் உங்களுக்கு எதுக்கு அந்த வேலைன்னு கேப்பாங்க. வேற ஒண்ணுமில்ல, சாப்டுங்க."

நிறைவு அலுவலர் உட்கார்ந்தார். முதல் கரண்டி போனது. அதை அவர் மென்றாரா விழுங்கினாரா என்று தெரியவில்லை. இரண்டாவது கரண்டியும் போனது. தட்டை விரலால் வழித்தார். கை தானாகவே பானையின் பக்கம் நீண்டது. தலைவர் இலேசாகச் செருமினார். நீண்ட கை அந்தரத்தில் நின்றது. அந்தச் சமயம் பார்த்து அவருடைய வயிறு ஒரு சத்தம் போட்டது. அறையில் எல்லோருக்கும் கேட்டது.

பொத்தான்காரி கரண்டி நிறைய மொண்டு நீட்டினாள். 

"இன்னும் ஒரு கரண்டி சார்? வேணும்னு மட்டும் சொல்லுங்க சார்."

அவர் கரண்டியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கித் தட்டில் விழுந்தது. தட்டை உள்ளங்கையால் மூடினார்.

"போதும்மா. நிறைஞ்சிடுச்சு."

வயிறு இன்னொரு தடவை, முன்னைவிடப் பலமாக, சத்தம் போட்டது.

"பாத்தீங்களா!" என்று தலைவர் படம் பிடிப்பவரைப் பார்த்துச் சிரித்தார். "நிறைஞ்ச வயிறு எப்படிச் சந்தோஷமா சத்தம் போடுது பாருங்க!"

எல்லோரும் எழுந்து போனார்கள். கடைசியாகப் போன நிறைவு அலுவலர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு கையை மட்டும் கூப்பிவிட்டு இறங்கினார்.

பொத்தான்காரி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இனி வாரியத்தில் தட்ட ஜன்னல் இல்லை. கணவன்தான் பேசினான்.

"சரி விடு. போனது போகட்டும். பானையாவது நம்மகிட்டயே இருக்கே. முதல்ல புள்ளைக்குப் போடு."

அதுவும் நியாயம்தான். முட்டையும் பருப்பும் போட்ட நல்ல சாப்பாடு, பானை கொள்ளாமல் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்துவைத்தாள். பட்டாணி முதல் கரண்டியை அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். இரண்டாவதையும் சாப்பிட்டாள். மூன்றாவது கரண்டியைக் கொண்டுபோனபோது சின்ன உள்ளங்கையை விரித்துத் தட்டை மூடிக்கொண்டாள்.

"போதும்மா. நெறஞ்சிடுச்சு."

"என்னடி சொல்றே? அன்னைக்கு அந்தப் பசையையே கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்டே. இது முட்டை போட்டதுடி. சாப்டு கண்ணு."

"அவ்வளவு பெரிய சாருக்கே ரெண்டு கரண்டிதானேம்மா. நான் மைக்ல சொல்லியிருக்கேன்ல?" என்று சுவரில் இருந்த கேடயத்தைக் காட்டினாள்.

"அந்த சார் பொய் சொன்னாருடி. அவருக்கு நெறையவே இல்ல. பயந்துட்டு சொன்னாரு."

"போம்மா. பொய் சொல்றவங்க யாராச்சும் அழுவாங்களா?"

"பட்டாணி, அம்மா கெஞ்சறேன். ஒரே ஒரு கரண்டி. வாயைத் தொற."

பட்டாணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். அப்போது அவளுடைய வயிற்றிலிருந்து கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நெறஞ்ச வயிறு எப்படிச் சந்தோஷமா சத்தம் போடுது!"

எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் அவள் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பொத்தான்காரி மூன்றாவது கரண்டியை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.